எட்டாம் வகுப்பு ஆராதனை

எனக்கு முன்னிருந்தவர் வேதபாட வகுப்பை ஒரே ஒழுங்கில் நடத்தினார். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், வசனம் ஒப்புவித்தல். பிள்ளைகளும் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதியைக் கெடுக்க வந்து சேர்ந்தவன் நான்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி வடிவத்திலேயே பெத்லகேமைப் பாடியவர். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியாபிலஸ் அப்பாவு, அதாவது எல்லோருக்கும் 'பரட்டை', ஆராதனை முறையையே நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். இதையெல்லாம் படித்ததுதான் வினை. அவர்கள் இருவருக்கும் பாட வரும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கும்மிக்காக பெஞ்சுகளை ஓரங்கட்டச் சொன்னேன். இழுத்த சத்தத்தில் கீழ்மாடியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்களாம். நான் எடுத்த சுருதி எனக்கே பிடிபடாமல் போக, ஒரு பையன் அதைச் சினிமா மெட்டுக்கு மாற்றினான். நன்றாகத்தான் இருந்தது. "சும்மா இருடா" என்று அதட்டி உட்கார வைத்தேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, 1950இல் தந்த நற்கருணை முறையில் சமாதானத்தைக் கைக்குக் கை கடத்தும் வழக்கம் உண்டு. எங்கள் வகுப்பில் அது பையன்கள் வரிசையோடு நின்றுபோனது. பெண்கள் பக்கம் யாரும் கை நீட்டத் துணியவில்லை.

நல்ல சமாரியன் நாடகத்தில் எல்லோருக்கும் கள்ளன் வேடம்தான் வேண்டும். சமாரியனாக ஆளில்லை. ஆசாரியனாக வந்த பெண் மட்டும் கண்ணாடியை மூக்கில் இறக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, அப்புறம் பாப்போம்" என்று விலகிப் போனாள். வகுப்பே உருண்டு சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தக் கண்ணாடியும் அந்த வசனமும் யாருடையவை என்பது ஸ்டாஃப் ரூமுக்குப் போன பிறகுதான் புரிந்தது.

விண்ணப்பச் சீட்டு நல்ல யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன். பெயர் போடாமல் எழுதுங்கள், நான் வாசிக்கிறேன் என்றேன். முதல் சீட்டு: "கணக்கு டீச்சருக்குச் சளி பிடிக்கணும், பெருசா வேண்டாம், வெள்ளிக்கிழமை மட்டும்." கொஞ்சம் தள்ளி இன்னொன்று: "அப்பா குடிக்காம வீட்டுக்கு வரணும்." எனக்குத் தொண்டை அடைத்தது. அவசரமாக அடுத்த சீட்டைப் பிரித்தேன். பின் பெஞ்சிலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள். பிறகு வகுப்பு முழுக்கச் சொன்னது. நான் சொல்லியிருக்க வேண்டியது அது.

பெரிய வியாழனுக்கு முந்தின வகுப்பில் பேசினும் துண்டுமாகக் கால் கழுவப் போய் நின்றேன். ஒருவரும் ஷூவைக் கழற்றவில்லை. சாக்ஸ் நாறும் என்ற கவலை.

"நீங்க உக்காருங்க சார், நாங்க கழுவுறோம்."

என் குதிகால் பித்தவெடிப்பு நினைவுக்கு வந்தது. "எனக்கெல்லாம் வேண்டாம்ப்பா."

"பேதுருவும் இதைத்தான் சார் சொன்னாரு. யோவான் 13:8."

நான் ஒழித்துக்கட்டிய மனப்பாடம் என்னையே திருப்பிப் பிடித்தது. சாக்ஸைக் கழற்றினேன். இடது கால் முடிவதற்குள் மணி அடித்துவிட, வலது காலுக்கு அடுத்த வாரம் வரை தவணை கேட்டுப் பார்த்தேன். கொடுக்கவில்லை.