தடைக்கால நைனா

ஏப்ரல் 15 பிறந்தால் காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரிசைகட்டி நின்றுவிடும். அன்றிலிருந்து ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துக் குப்பங்களில் பல வீடுகளில் ஓர் ஆள் கூடுதலாகத் தென்படுவார். லுங்கி, தோளில் துண்டு, எதைப் பார்த்தாலும் “இன்னா இது?” என்கிற முகம். பத்து மாதமாக அந்த வீட்டுக்கு விருந்தாளிபோல் வந்து போனவர். இப்போது குடித்தனக்காரர். இவர்தான் தடைக்கால நைனா.

மீன்கள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கட்டும் என்று கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். மீனுக்கு நல்ல காலம்தான். ஆனால் முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விடுவதும் இதே நாட்களில். படகையும் பள்ளியையும் ஒரே நேரத்தில் மூடினால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று எந்தத் துறையும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு வாரம், பத்து நாள் என்று கடலிலேயே தங்கிவிட்டு வருகிறவருக்கு, கரையில் கிடைக்கிற ஓரிரு நாளில் பிள்ளைகள் தங்கக் கம்பிகளாகத் தெரிவார்கள். அவர் கொண்டுவரும் பரோட்டாப் பொட்டலத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நல்ல பிள்ளைகளாகச் சிரிப்பார்கள். தடைக்காலத்தின் முதல் மதியம்தான் உண்மை தெரியும். மூன்று வயதுக் கடைக்குட்டி சோற்றுக்கு வாயைத் திறக்க வேண்டுமானால் போனில் ஒரு கரடி ஆட வேண்டும். கரடி ஆடினால் ஒரு வாய். நடுவில் விளம்பரம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். அம்மா புறங்கையால் விளம்பரத்தைத் தள்ளிவிட்டால் மறுபடி திறக்கும். கையில் ரசச் சோறு, போனின் முகமெல்லாம் ரசம்.

“இன்னாம்மே இது, புள்ளைக்கு ஊட்றியா, போனுக்கு ஊட்றியா?”

“அப்டியா? இந்தா தட்டு. நீயே ஊட்டு.”

நைனா தட்டை வாங்கவில்லை. சட்டம் போடப் போய்விட்டார்.

சட்டத்துக்கு ஆதாரமும் பலமாகவே கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது. இதை நைனா அறிந்துகொண்டது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வீடியோ பார்த்த ஒரு நீண்ட காலைப்பொழுதில். வீட்டுக்கு வந்ததும் அறிவிப்பு வெளியானது: சாயந்திரம் ஆறு முதல் ஏழு வரைதான் போன். மற்ற நேரம் அது அரிசி டிரம் மேல் இருக்கும். மீறினால் பறிமுதல்.

ஐந்தாவது முடித்த மூத்தவள் கையைத் தூக்கினாள்.

“நைனா, தடை விசைப்படகுக்குத்தான? நாட்டுப்படகு போலாம்ல?”

“போலாம். அதுக்கின்னா?”

“உன் போனும் அம்மா போனும் பெருசு. அது விசைப்படகு. ஆயா போன் கண்ணாடி வெடிச்ச சின்ன போன். அது நாட்டுப்படகு.”

சங்கத்துப் பேச்சுவார்த்தைகளில் அதிகாரிகளையே மடக்கியவர்தான். பதில் வரவில்லை. ஆயா தன் போனை மடியில் செருகிக்கொண்டாள். பேத்தி எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த கட்டம் பழம்பெருமை. “நாங்கல்லாம் லீவு வுட்டா காலைல மணல்ல எறங்குனா பொழுது சாஞ்சாதான் வூட்டுக்கு வருவோம். இன்னா போன் இருந்துச்சு?” இதில் முக்கால் பங்கு நிஜம். ஆனால் அந்த மணல் இன்று பல இடங்களில் இல்லை. சென்னைத் துறைமுகம் எழுந்த பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே கடல் கரையைத் தின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மெரினாவுக்கு மணல், நமக்குக் கல். இந்தப் பக்கம் கல் என்றால் அந்தப் பக்கம் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், ரயில் பெட்டி நீளத்துக்கு. இரண்டுக்கும் நடுவே பத்தடிச் சந்தில் பிள்ளையைப் பிடித்து வைக்க அந்த அம்மாவிடம் இருப்பது ஒரு போன். திரை பற்றி டாக்டர்கள் சொல்வது சரிதான். அவர்கள் ஒருமுறை இந்தச் சந்தில் மே மாத மதியத்தில் நின்றுவிட்டுச் சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

மீதிக் கால் பங்கை ஆயா பார்த்துக்கொண்டாள்.

“த்தூ, பொய் சொல்லாத. அகஸ்தியாவுல மேட்னி பாத்துட்டு அப்டியே ஃபர்ஸ்ட் ஷோவுக்கும் குந்திகினவன்டா நீ. விளக்கமாத்த எடுத்துகினு வந்து இட்டாந்தேன். இவளுது கையகலம். உன்னுது இன்னா அகலம்?”

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்பட்டது. சாட்சி சொல்ல அதுவும் இல்லாமல் போனதே என்று நைனா அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருக்கக்கூடும்.

பிறகு கேரம் போர்டு வந்தது. புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கி வந்ததிலிருந்து வடசென்னை நைனாக்களுக்குக் கேரம் என்றால் படிப்பில் சேர்ந்ததுதான். சந்தில் நிழல் பார்த்துப் போர்டைப் போட்டார். மூன்றாம் நாள் போர்டைச் சுற்றி நான்கு நைனாக்கள். எல்லோருக்கும் தடைக்காலம், எல்லோருக்கும் கை பரபரக்கிறது. பிள்ளைகளுக்குக் கிடைத்த வேலை பவுடர் தூவுவதும் டீ வாங்கி வருவதும். டீயோடு அவர்கள் திரும்பும்போது சிவப்புக் காய் பற்றிச் சண்டை நடக்கும். மூத்தவள் சத்தமில்லாமல் ஆயாவின் மடியைத் தேடிப் போவாள்.

இதற்கு நடுவே ஐபிஎல். சிஎஸ்கே ஆடும் நாளில் சட்டத்துக்கு விதிவிலக்கு உண்டு, மேட்ச் முடியும்வரை. கரண்ட் போனால் டிவியிலிருந்து போனுக்கு மாறிக்கொள்ளலாம். “இது வேற, அது வேற” என்பார். எது எது என்று யாரும் கேட்கவில்லை; கேட்டால் ஓவர் போய்விடும். அரசு தருகிற 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணத்தில் டேட்டா ரீசார்ஜுக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது என்பதை மனைவி மட்டும் நினைவூட்டினாள்.

ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிள்ளைகளின் தடைக்காலம் முடிந்தது. நைனாவுக்கு இன்னும் ஒன்றரை வாரத்துக்கு மேல் பாக்கி. வலை கட்டியாயிற்று, படகுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று, இன்ஜினைப் பிரித்து மாட்டியாயிற்று. மதியத்தில் பாயில் மல்லாந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தார். யூனிபார்மோடு உள்ளே வந்த மூத்தவள் மணியைப் பார்த்தாள். நாலரை. போனைப் பிடுங்கி அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். நைனா வாயைத் திறக்கவில்லை. அவர் போட்ட சட்டம்.

14-ஆம் தேதி படகில் ஐஸும் டீசலும் ஏற்றிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது பையன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்.

“நைனா, கடல்ல எவ்ளோ தூரம் வரைக்கும் டவர் கெடைக்கும்?”

நைனாவுக்குத் தொண்டை அடைத்தது. பையன் ஏங்குகிறான். கரை தெரிகிற வரை கொஞ்சம் கிடைக்கும், உள்ளே போகப் போக விட்டு விட்டு வரும், அப்புறம் சுத்தமாக இருக்காது என்று சோற்றை மறந்து விளக்கினார்.

“அதுக்கப்றம் நீ போன் பண்ண முடியாதுல்ல?”

“முடியாதுடா கண்ணு.”

“செரி. நீ போன் பண்ணா கேம் நின்னுபூடுது.”