சொதிக்கு ஒத்து வரும் டயட்

ஊருக்கு ஒரு டயட் அண்ணாச்சி உண்டு. பத்தமடைக்காரர் அம்பை ரோட்டில் பாய்க்கடை வைத்திருக்கிறார். காலையிலிருந்து ராத்திரி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாய் விற்பார். பாயில் மட்டும் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் தூக்கிவிட ரெண்டு ஆள் வேண்டும். கடைக்குள் யார் நுழைந்தாலும் பாய் விலையைச் சொல்லுமுன், "என்ன எடை இருக்கீரு?" என்று கேட்பார். சொன்னால் தீர்ந்தது. ரசீதின் முதுகில் ஒரு டயட் எழுதிக் கொடுத்துவிடுவார்.

அவர் எடை பார்ப்பது எதிர்த்த அரிசிக்கடைத் தராசில். அங்கே கணக்கு வேறு. "மூணு சிப்பமும் பதினோரு கிலோவும் அண்ணாச்சி!" என்று கடைக்காரர் ரோட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். சிப்பம் 25 கிலோ. அண்ணாச்சி உயரம் 163 செ.மீ. உடல் நிறை எண் 32-ஐத் தாண்டுகிறது. இந்தியர்களுக்கு 23 ஆனாலே எடை கூடுதல், 25 ஆனால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். "வெள்ளைக்காரனுக்கு எம்புட்டு?" என்றார். 30 என்றேன். "அப்ப எனக்கு அவன் கணக்கையே போடும். ரெண்டுதான கூட!"

"டயட்டுங்கது நம்ம வாழ்க்கைக்கு ஒத்து வரணும் வே" என்பது அவர் கட்சி. கட்சி சரிதான். அவர் வாழ்க்கைதான் சிக்கல். பத்தமடைக் கோரைப்பாயில் மாப்பிள்ளை, பெண் பேரை நெய்து கல்யாணச் சீராகக் கொடுக்கிற வழக்கம் உண்டு. பேரில் எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்று ஆர்டரோடு பத்திரிகையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அண்ணாச்சி அந்தப் பத்திரிகையைத் தறிக்கு அனுப்புமுன் தேதி பார்த்துக் குறித்துக்கொள்வார். பாய்க்கு ஒரு பந்தி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அப்போதாவது வயிறு ஓயும் என்று பார்த்தால், பாய் நெய்கிற வீடுகளில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். அவர்கள் வீட்டு நிக்காஹுக்கு ஆடி ஏது, மார்கழி ஏது? பிரியாணிச் சட்டி அது பாட்டுக்கு ஏறும்.

முதலில் பிடித்தது பேலியோ. நியாண்டர் செல்வன் எழுதி, தமிழ்நாட்டில் பாதிப்பேர் அரிசியைக் கைவிட்டு முட்டைக்கு மாறிய காலம். காலையில் நூறு பாதாம் என்பது அப்போது மந்திரம். அண்ணாச்சி ஒன்று பிசகாமல் எண்ணித் தின்றார். எண்ணி முடித்ததும் இட்லித் தட்டு வந்தது. மதினி முறைத்தாள். "பாதாம் டயட்டுக்குட்டி, இட்லி பசிக்கு" என்றார்.

பேலியோவுக்கு வந்த முதல் சோதனை சொதி. திருநெல்வேலிக் கல்யாணத்துக்கு மறுநாள் சொதி இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் பேச்சு வந்துவிடும். பாசிப்பருப்பு வெந்திருக்கும். முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் ரெண்டாம் தேங்காய்ப்பாலில் கொதிக்கும். இறக்குகிற சமயத்தில் கெட்டியான முதல் பாலை ஊற்றி, பொங்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். இலையில் ஓரமாக இஞ்சித் துவையல், அதற்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு சிப்ஸ். அண்ணாச்சி இலைமுன் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: "தேங்காப்பாலு கொழுப்பு. பேலியோவுல கொழுப்புக்குத் தடையில்ல. பருப்பு அடியிலதான் கெடக்கும், நான் மேலாப்புல ஊத்தச் சொல்லுதேன்."

"சோறு?"

"சொதியைக் கையில ஏந்தியா குடிக்க முடியும்?"

மூன்றாம் தடவை ஊற்றும்போது, இஞ்சித் துவையல் எல்லாவற்றையும் செமிக்க வைத்துவிடும் என்று பரிமாறுகிற பையனுக்கும் விளக்கினார்.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அண்ணாச்சி உடனே கட்சி மாறினார். குதிரைவாலியில் பொங்கல், தினையில் பாயசம், நெய் மட்டும் பழைய அளவு. அப்புறம் பதினாறு மணி நேர விரதம். காலை ஆறரைக்கு டீக்கடையில் வடையோடு அகப்பட்டார். "நடுவுல ஓட்டை இருக்குல்லா, அவ்வளவும் விரதந்தான்." அல்வா மட்டும் எல்லா டயட்டிலும் தப்பித்தது. சம்பாக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, சக்கையை வெளியே வீசிவிட்டுத்தான் கிண்டுகிறார்கள் என்றேன். "சக்கையை நீக்கிட்டான்னா எடை கொறையத்தானவே செய்யும்?"

யோகாவும் வந்து போனது. ரிஷிகேசத்தில் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்தது இந்தப் பத்தமடையில்தான். மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டுத் துறவியானவர். "நம்ம ஊர்க்காரரு, டாக்டரு வேற" என்று அண்ணாச்சிக்கு அவர்மேல் பாத்தியதை. யோகத்தில் மிதமாக உண்பது பெரிய விதி. வயிற்றில் கால் பாகத்தைக் காலியாக விடவேண்டும் என்று ஹடயோகப் பிரதீபிகை சொல்கிறது. அண்ணாச்சி விட்டார். பாயசத்துக்கு.

ஒருநாள் நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அமெரிக்கக் கதையை எடுத்தேன். 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள், மறுபாதிக்கு மாவுச்சத்தை. ஒரு வருசம் கழித்து முதல் கூட்டம் சராசரியாக 5.3 கிலோவும் மற்றது 6 கிலோவும் இறங்கியிருந்தன. பெரிய வித்தியாசம் இல்லை. அதற்கு முன் 2005-ல் பாஸ்டன்காரர்கள் 160 பேரை நாலு விதமான டயட்டில் விட்டுப் பார்த்தபோதும், எந்த டயட் என்பதைவிட எவர் விடாமல் கடைப்பிடித்தார் என்பதைப் பொறுத்துத்தான் எடை இறங்கியிருந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்ப எதைத் தின்னாலும் ஒண்ணுதான்னு சொல்லுதான்!"

இத்தனைக்கும் அவர் யோசனையைக் கேட்டு உருப்பட்ட ஆள் ஒருவர் இருக்கிறார், டீக்கடை மாஸ்டர். ரசீதில் எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்தார். ராத்திரிப் பரோட்டாவை நிறுத்தினார், டீயில் சீனியை விட்டார், வடையைச் சுடுவதோடு சரி. ஆறு மாசத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு நன்றி சொல்ல வந்தார். அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"என்னவே மூஞ்சி இப்பிடி வத்திப் போச்சு? சுகர் கிகர் இருக்கா? டெஸ்ட் எடுத்தீரா?"

"எடுத்தேன் அண்ணாச்சி, ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா எப்பிடி? கல்யாணம் கார்த்தியலுக்குப் போனா நாலுபேரு துக்கம் விசாரிப்பானே!" ரசீதுப் புத்தகத்தை இழுத்துத் திருப்பி, புதுசாக ஒன்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "நாளைக்குச் சாயந்திரம் கடையை அடைச்சிரும். நேரா திருநவேலி போயி, சூடா கால் கிலோ அல்வா தின்னும். தனியாப் போவாண்டாம், தொணைக்கு நான் வாரேன்."