சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

(நிகராகுவா சமையல் பற்றி வாசகர்கள் கேட்டவை)

சேலம் வாசகி: நிகராகுவாவில் காலை டிபன் என்ன?

காயோ பின்ட்டோ. முதல் நாள் சோற்றையும் வேகவைத்த சின்னச் சிவப்பு பீன்ஸையும் வெங்காயம், குடைமிளகாயோடு எண்ணெயில் புரட்டி எடுப்பார்கள். பக்கத்தில் முட்டை, சீஸ், டார்ட்டியா என்னும் மக்காச்சோள ரொட்டி, காபி. அதே பின்ட்டோ இரவிலும் தட்டுக்கு வரும். யாரும் முகம் சுளிப்பதில்லை.

திருச்சி வாசகர்: அதைத் தங்களுடையது என்று கோஸ்டா ரிகாவும் சொல்கிறதாமே?

எல்லை தாண்டினால் பீன்ஸ் பெரும்பாலும் கறுத்துவிடும், கொத்தமல்லியும் லிசானோ சாஸும் சேர்ந்துகொள்ளும். இரண்டு நாடுகளும் ராட்சதப் பாத்திரங்களில் பின்ட்டோ கிண்டிச் சாதனைப் போட்டியே நடத்தியிருக்கின்றன. வழக்கில் சாட்சி சொல்லவேண்டிய அரிசியோ ஆசியாவில் பிறந்து, ஸ்பானியரோடு கப்பலேறிப் போனது. அது யார் பக்கம் பேசும்?

ஈரோடு வாசகர்: அப்படியானால் அந்த மண்ணின் சொந்தச் சரக்கு எது?

மக்காச்சோளம். சுண்ணாம்போ சாம்பலோ கரைத்த நீரில் வேகவைத்து, தோல் கழன்றதும் கழுவி, அரைத்தால் 'மாசா' என்கிற மாவு. டார்ட்டியா முதல் குழம்பு வரை எல்லாவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம். சுண்ணாம்பு செய்யும் பெரிய உபகாரம் கண்ணுக்குத் தெரியாது: சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நயாசின் சத்தை உடம்பு ஏற்கும்படி அவிழ்த்துவிடுகிறது. ஐரோப்பியர் சோளத்தை ஊருக்குக் கொண்டுபோனார்கள், பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பிடித்தது.

மதுரை வாசகி: ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல்?

நாகதமால். பன்றிக் கொழுப்பும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் சேர்த்துப் பிசைந்த மாசா, அதன்மேல் அச்சியோட்டே விதை சிவப்பேற்றிய பன்றி இறைச்சி, கொஞ்சம் அரிசி, உருளைக்கிழங்கு, தக்காளி, புதினா. வாழையிலையில் பொட்டலம் கட்டி நாலைந்து மணி நேரம் வேகவைப்பார்கள். சனிக்கிழமையே விற்பனை தொடங்கிவிடும், ஞாயிறு காலை ரொட்டி, காபியோடு பிரிப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

தஞ்சாவூர் வாசகர்: வாழையிலையா! அவர்கள் நமக்குச் சொந்தக்காரர்களா?

கொடுக்கல் வாங்கல் உண்டு. கிரனாடா நகரத்துப் பூங்காக் கடைகளில் 'விகோரோன்' கேளுங்கள். வாழையிலையில் பரிமாறும் வெந்த மரவள்ளிக் கிழங்கு, மேலே மொறுமொறு பன்றித்தோல், அதற்கும் மேலே கோஸ் சாலட். இலை ஆசியாவிலிருந்து அங்கே போன பயிர். கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தது. கணக்கு நேர்.

குண்டூரில் வேலை பார்க்கும் தமிழர்: காரம் எப்படி?

ஏமாந்துபோவீர்கள். மேசையில் வெங்காயமும் மிளகாயும் வினிகரில் ஊறும் 'சிலேரோ' ஜாடி இருக்கும், வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். மிளகாயை உலகத்துக்குக் கொடுத்த கண்டம் அது. உங்கள் ஊருக்குத்தான் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துவிட்டது.

மயிலாப்பூர் வாசகி: சைவத்துக்கு வழி உண்டா?

நாகரோத்தே, லா பாஸ் சென்ட்ரோ ஊர்களின் 'கெசீயோ' உண்டு. சூடான டார்ட்டியாவில் மெத்தென்ற சீஸ், வினிகர் வெங்காயம், மேலே தாராளமாகக் க்ரீம். வழியாமலிருக்கப் பிளாஸ்டிக் பையிலேயே தருவார்கள். பீன்ஸ் தட்டை மட்டும் விசாரித்துவிட்டுத் தொடுங்கள். தாளித்தது பன்றிக் கொழுப்பாக இருக்கலாம்.

நாகர்கோவில் வாசகர்: தேங்காய் கிடையாதா?

கரீபியன் கரைக்கு வாருங்கள். புளூஃபீல்ட்ஸ் பக்கம் சோறும் பீன்ஸும் தேங்காய்ப்பாலில்தான் வேகும். 'ரொன்டோன்' என்று மீன், மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் குழம்பும் உண்டு. உங்களுக்கு ஊர் ஏக்கமே வராது.

கோவை வாசகர்: சாப்பாட்டிலும் அரசியல் உண்டோ?

அங்கே நிறைய. 1981-இல், அப்போது நிகராகுவாவை ஆண்ட சாண்டினிஸ்டா அரசுக்குக் கோதுமை வாங்கத் தந்துவந்த கடனை அமெரிக்கா நிறுத்தியது. ரொட்டிக்குத் தட்டுப்பாடு. அரசு மக்காச்சோளத் திருவிழா நடத்தி, பழைய சோளப் பண்டங்களுக்கு மக்களைத் திருப்பியது. கோதுமை வரவழைத்தால்தான் வரும், மக்காச்சோளம் கொல்லையிலேயே நிற்கிறதே!

நெல்லை வாசகர்: கடைசியாக, குடிக்க?

பினோலியோ. வறுத்த மக்காச்சோளத்தையும் கொக்கோவையும் பொடித்துக் கரைத்து, குடுக்கையில் தருவார்கள். நிகராகுவாக்காரர்கள் தங்களையே 'பினோலேரோ' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பிரியம். ஒவ்வொரு வாய்க்கும் ஒருமுறை கலக்கிக்கொள்ளுங்கள். மறந்தால் தண்ணீர் உங்களுக்கு, சோளம் குடுக்கைக்கு.