அன்பளிப்பு ஆசிரியர்

அன்பளிப்பு ஆசிரியர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பரவலாகக் காணப்படுகிறார். பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டில் இவருடைய முதல் நூல் வரும். தோள்பையில் ஐந்து பிரதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. புதுமைப்பித்தன் 1906-ல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், ஜெயகாந்தன் 1934-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார் என்று சொல்லி நிறுத்துவார். கேட்பவர்தான் மூன்றாவது பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகை பெருகியதற்குக் காரணம் அச்சு. தமிழ்ப் புத்தகம் பல காலம் 1,000, 1,200 பிரதி அடித்தால்தான் கட்டுப்படியானது. அதுவும் நூலக ஆணையை நம்பித்தான். அதனால் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்து, பெரும்பாலும் திருப்பி அனுப்பினார். டிஜிட்டல் அச்சில் தகடு கிடையாது. 50 பிரதியும் அடிக்கலாம். திருப்பி அனுப்புவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று.

நூலைக் கொடுப்பது இவருக்குச் சிறு வேலை. கொடுத்ததைப் பற்றி விசாரிப்பதே பெரிய வேலை. மூன்றாம் நாள் காலை கைபேசி ஒலிக்கும். "என்ன சார், பார்த்தீங்களா?" "ஆரம்பிச்சிருக்கேன் சார்" என்ற பதில் ஒரு வாரம் தாங்கும். "நல்லா வந்திருக்கு" என்றால் "எந்தக் கட்டுரை?" என்பார். "அட்டை" என்றவர்களும் தப்பியதில்லை. அட்டைப்படம் மகன் எடுத்தது, அதற்குத் தனிக் கதை உண்டு. எல்லாம் முடிந்தபின் வரும் கேள்வி, "நாற்பத்தேழாம் பக்கம் வந்துட்டீங்களா?"

கடலூர் ஓ.டி.யில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாரானால் ஆலப்பாக்கத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். சிதம்பரத்துக்குச் சீட்டு வாங்கியவர்கள் புதுச்சத்திரத்திலேயே இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதுண்டு. கல்யாண வீட்டில் அதற்கும் வழியில்லை. இலை போட்ட பிறகு யாரும் எழுந்து போக முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

நிலைமை ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது. இதே மாவட்டத்தில் வாழ்ந்த வள்ளலார் தம் பாடல்களை அச்சேற்ற எளிதில் இசையவில்லை. அவை கைக்கு வரும்வரை ஒருவேளைச் சாப்பாடுதான் என்று அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் விரதம் இருந்தார். திருவருட்பா 1867-ல் வெளிவந்தது. அன்று நூலுக்காக வாசகர் பட்டினி கிடந்தார். இன்று நூல் பந்திக்கே வந்து நிற்கிறது.

குற்றம் முழுவதும் இவருடையதல்ல. முன்பு விற்ற பிரதிக்குப் பத்து விழுக்காடு உரிமைத்தொகை என்று பேச்சளவிலாவது ஒரு கணக்கு இருந்தது. இப்போது பணம் எழுத்தாளரிடமிருந்து பதிப்பகத்துக்குப் போகிறது. வாங்கிக்கொள்ளும் பதிப்பகங்களில் சில மெய்ப்புக்கூடப் பார்ப்பதில்லை. தலைப்பில் வரும் ஊர்ப்பெயரே புத்தக முதுகில் தப்பாக அச்சாகி வருகிறது. கடைக்கும் அனுப்புவதில்லை. புத்தகக் கட்டை வாசலில் இறக்கினால் அவர்கள் வேலை முடிந்தது. விற்பது, சுமப்பது, மதிப்புரைக்கு அலைவது எல்லாம் எழுதியவர் தலையில். வாங்கும் வசதி உள்ளவர்களோ, "பிடிஎஃப் இருந்தா வாட்ஸ்அப்புல போட்டு விடுங்க சார்" என்கிறார்கள். ஆறு வருஷ உழைப்புக்கு 150 ரூபாய் கொடுக்க மனம் வராதவர்கள், அவர் தொல்லை கொடுப்பதாகச் சொல்வது நியாயமில்லை.

நாற்பத்தேழாம் பக்கத்தில் இருப்பது ஒரு பட்டியல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில், பண்ருட்டிப் பக்கத்துச் சொந்த ஊரில் சாய்ந்த பலாமரங்கள்: எந்த வீட்டு மரம், யார் வைத்தது, சுளை எப்படி இருக்கும். வேறு எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. 1,200 பிரதிக் கணக்குப் பார்த்திருந்தால் இதுவும் அச்சேறியிருக்காது.

இவ்வகை நூல்களுக்கு இரண்டாம் பதிப்பு வருவதில்லை. இரண்டாம் நூல் வரும்.