பாதிக் கூலிக்கு இரண்டு மயில்

காசு கொடுத்துத் தன்னையே கேலி செய்யும் சித்திரத்தை வீட்டுச் சுவரில் வாங்கிக்கொண்டு, பதினைந்து வருஷம் அந்த அறையிலேயே விருந்து வைத்த புண்ணியவான் ஒருவர் உண்டு. பெயர் ஃபிரெடரிக் லேலண்ட். லிவர்பூல் கப்பல் முதலாளி.

லண்டன் பிரின்சஸ் கேட்டில் 49ஆம் எண் வீடு அவருடையது. சீனத்து நீலப் பீங்கான்களை அடுக்கிவைக்கத் தோதாக, தாமஸ் ஜெக்கில் என்பவரிடம் சாப்பாட்டு அறையை ஒப்படைத்தார். சுவரெல்லாம் விலையுயர்ந்த பழைய தோல். 1876இல், கதவுக்கு என்ன வர்ணம் அடிக்கலாம் என்று குடும்ப நண்பரான ஓவியர் விஸ்லரிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது.

அங்கே மாட்டியிருந்த தன் ஓவியத்துக்குத் தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் பொருந்தவில்லை என்றார் விஸ்லர். லேசாக மஞ்சள் தீற்ற அனுமதி வாங்கினார். ஜெக்கில் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார், முதலாளி லிவர்பூலில். ஆள் இல்லாத வீட்டில் விஸ்லர் தோல், கூரை, ஜன்னல் கதவு எதையும் விடவில்லை. எங்கும் நீலம், அதன்மேல் தங்க மயில்கள். முருகனே வந்திருந்தாலும் எதில் ஏறுவது என்று திணறியிருப்பார். போதாக்குறைக்கு, வீட்டுக்காரரைக் கேட்காமலே பத்திரிகைக்காரர்களை அழைத்துச் சுற்றிக்காட்டினார்.

கடைசியில் கேட்ட கூலி 2,000 கினி. லேலண்ட் பாதிக்குத்தான் இறங்கி வந்தார். அதையும் கினியில் கொடுக்காமல் பவுண்டில் கொடுத்தார். கினி 21 ஷில்லிங், பவுண்டு 20. கினி ஓவியருக்கு, வைத்தியருக்கு. பவுண்டு கொத்தனாருக்கு, தச்சருக்கு. மொய் நோட்டில் 1,001 எழுதவேண்டிய இடத்தில் வெறும் 1,000 எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

ஓவியருக்குக் குத்திய இடம் அந்த ஒரு ஷில்லிங்தான். பாக்கி வேலையை முடிக்கிறேன் என்று உள்ளே போனவர், காலியாக இருந்த சுவரில் சண்டை போடும் இரண்டு மயில்களை எழுதினார். ஒன்று சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது. காலடியில் வெள்ளிக் காசுகள் இறைந்து கிடக்கின்றன. கழுத்தில் வெள்ளி இறகுகள், லேலண்ட் போடும் சுருக்குவைத்த சட்டை மாதிரியே. எதிரே உள்ள ஏழை மயிலுக்குத் தலையில் ஒரே ஒரு வெள்ளிக் கொண்டை. விஸ்லரின் நெற்றியில் நரைத்த ஒரு முடிக்கற்றை ஊருக்கே தெரியும். போகிறபோக்கில் படத்துக்கு ‘கலையும் காசும்’ என்று பெயரும் வைத்தார்.

லேலண்ட் சுண்ணாம்பு அடித்திருக்கலாம். 1892இல் சாகும்வரை அடிக்கவில்லை. கலைப்பற்று என்பார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஆயிரம் பவுண்டு கொடுத்த சரக்கை எந்த வியாபாரி அழிப்பான்? அதை அழிக்க வேறு தனிக் கூலி!

1879இல் விஸ்லர் திவாலானார். கடன்காரர்களில் முதல் ஆள் லேலண்ட். அவர்கள் வந்து பார்க்கட்டும் என்று விஸ்லர் இன்னொரு படம் எழுதிவைத்தார்: உடம்பெல்லாம் காசு ஒட்டிய மயில் வடிவ லேலண்ட் பியானோ வாசிக்கிறார், உட்கார்ந்திருப்பது விஸ்லரின் வீட்டின்மேல்.

1904இல் டெட்ராய்ட் கோடீஸ்வரர் சார்லஸ் ஃபிரீயர் மொத்த அறையையும் விலைக்கு வாங்கி, பெயர்த்துக் கப்பலேற்றினார். 1923 முதல் அது வாஷிங்டனில், அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாப்பாட்டு அறைதான், ஆனால் இப்போது அங்கே உட்கார்ந்து சாப்பிட யாரையும் விடமாட்டார்கள்.