ஓய்விலிருந்து எங்களைக் காத்த உத்தமர்களுக்கு

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், பெயரைச் சொன்னாலே கால் வலிக்கும் சுற்றுலா நிறுவனம், சென்னை.

பொருள்: அந்தமான் பேக்கேஜ் – நான்காம் நாள், 'முழு ஓய்வு' – ஓய்விலிருந்து எங்களை மீட்டமைக்கு நன்றி நவிலல் – தொடர்பாக.

பார்வை: வாட்ஸ்அப்பில் நேற்று தாங்கள் அனுப்பிய பில்.

ஐயா,

வணக்கம். தங்கள் கூடுதல் பில் கிடைக்கப்பெற்று மெய்சிலிர்த்தேன். 'எலிஃபண்ட் பீச் – நீந்தாதோர் கட்டணம் – நபர் 1 – ரூ. 750.' அந்த நபர் என் அம்மா. வயது எழுபத்திரண்டு. கரையில் வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் துண்டை விரித்துச் சற்று நேரம் உட்கார்ந்தார். ஓய்வு நாள் முழுக்க எங்கள் குடும்பத்தில் ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்தது அது ஒன்றுதான். அதையும் மோப்பம் பிடித்து பில் போட்ட தங்கள் கணக்குப் பிரிவுக்கு என் முதல் கும்பிடு.

அந்தமான் கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை நட்டிருக்கிறார்கள். உப்புநீர் முதலை சத்தமில்லாமல் வருமாம். ஆனால் முதலையைவிடப் பொல்லாதது ஓய்வு என்பதையும், மனிதன் கொஞ்சம் அசந்தால் அது காலைக் கவ்விவிடும் என்பதையும் கண்டுபிடித்தவர் தாங்கள் ஒருவரே. வனத்துறைக்குக்கூட இந்த ஞானம் இல்லை.

ஓய்வு முதலில் பதுங்குமிடம் கட்டில். ஆகவே அதிகாலை 3.45-க்குக் கதவைத் தட்டினார் தங்கள் டூர் மேனேஜர். காலாபத்தர் கடற்கரையில் சூரியோதயமாம். "ஃப்ரீ டேதானே சார், சும்மாதானே இருக்கப் போறீங்க?" என்றார். சும்மா இருப்பதற்காகத்தான் பணம் கட்டினோம் என்று அந்த நேரத்தில் யாருக்குச் சொல்ல வாய் வரும்? சூரியன் மேல் குற்றமில்லை. இந்தியக் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையைப் பார்த்து ஓடுகிறது. நாங்கள் தங்கியிருந்த ஹேவ்லாக் தீவு கிடப்பதோ ஏறத்தாழ 93 டிகிரியில். அங்கே பொழுது முக்கால் மணி முந்தித்தான் விடியும். அதற்கும் ஒரு மணி நேரம் முந்தி எங்களை இருட்டில் நிற்கவைத்துக் கொசுக்கடி வாங்கிக் கொடுத்தது தங்கள் பெருந்தன்மை.

திரும்பி வந்து கண்ணயரலாம் என்று நினைத்தோம். பாருங்கள், முதலை எவ்வளவு அருகில் வந்துவிட்டது! நல்லவேளை, அன்று எட்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும் என்று தாங்கள் ஏற்பாடு செய்திருந்தீர்கள். ஒரே தீவில் இரண்டு இரவுக்கு இரண்டு ஹோட்டல். புது ஹோட்டலில் அறை கிடைக்க ஒரு மணி ஆகும். அதுவரை ஏழு பெட்டிகளும் ஈரத் துணிப் பையும் வேனின் பின்சீட்டில். நாங்கள் அவற்றின் மேல். காலை உணவு பார்சல். நான்கு இட்லிக்கு ஒரு சட்னிப் பொட்டலம். அதை முடிச்சவிழ்ப்பதற்குள் படகுத்துறை வந்துவிட்டது. பையன் சட்டையில் அந்தச் சட்னி இன்னும் இருக்கிறது, இரண்டு சலவைக்குப் பிறகும்.

எலிஃபண்ட் பீச்சில் மூச்சுக்குழாய் மாட்டிப் பவளப்பாறை பார்த்தோம். அழகு, மறுக்கவில்லை. நீல மீனொன்று என் விரலருகே வந்து நின்றது. அதைப் பார்த்து நான் நின்றுவிட்டால் ஓய்வாகிவிடுமே! விசில் ஊதி வெளியே வரச் சொன்னார்கள். அடுத்து கண்ணாடி அடிப் படகு. அடுத்து ஜெட் ஸ்கி. எல்லாம் 'ஆப்ஷனல்'. வேண்டாம் என்றால் "அப்ப படகு வர்ற வரைக்கும் வெயில்ல நிக்கணும் சார்" என்பதும் ஆப்ஷனல்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்திருந்தவரிடம் தங்கள் ஆள் வந்து, "பாட்டி, லைஃப் ஜாக்கெட் போட்டுக்குங்க, ரூல்ஸ்" என்றான். மரத்தின் மேல் உட்கார லைஃப் ஜாக்கெட். போட்டுக்கொண்டார். அதை ஒரு போட்டோ எடுத்தான். அந்தப் போட்டோதான் பில்லுக்கு ஆதாரமாக வந்திருக்கிறது. முட்டி வலியோடு, ஆரஞ்சு ஜாக்கெட்டில், யாரோ திட்டிவிட்ட பிள்ளை மாதிரி கேமராவைப் பார்க்கிறார். ஐயா, அந்த மரத்தை நீங்களா நட்டீர்கள்? அந்த நிழல் உங்கள் அப்பன் வீட்டு நிழலா? பென்ஷன் பணத்தில் மூன்று வருடம் சீட்டுக் கட்டிக் கடலைப் பார்க்க வந்த கிழவியிடம் உட்கார்ந்ததற்கு வாடகை கேட்க வெட்கமாக இல்லை?

மன்னிக்கவும். ஓய்வின்மையால் வந்த படபடப்பு. தாங்கள் அளித்த வரத்தின் பக்கவிளைவுதான்.

மாலை ராதாநகர் கடற்கரை. 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டிய இடம். அதற்குத் தாங்கள் ஒதுக்கியது இருபது நிமிடம். முத்துமாலைக் கடைக்கு ஒன்றரை மணி நேரம். இந்த விகிதத்தை போர்ட் பிளேரிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும்: செல்லுலார் சிறையில் அரை மணி, அங்கேயும் கடைக்கு ஒரு மணி. சிறையை வைத்துக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஏழு சிறகுகளில் மூன்றுதான் இன்று மிச்சம். அந்த மூன்றையாவது நின்று பார்க்க விட்டிருக்கலாம்.

கிளிஞ்சல், பவளம் எதையும் தீவிலிருந்து எடுக்கக் கூடாது என்று வேனில் மைக்கில் எச்சரித்தார்கள். ஓய்வையும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்பது சாயங்காலம்தான் விளங்கியது.

அந்தத் தீவில் முறையாக ஓய்வு பெற்ற ஒரே ஜீவன் ராஜன் என்ற யானைதான் போலிருக்கிறது. மரம் இழுக்கும் வேலைக்கு வந்தது. அந்தத் தொழில் நின்றபின் ஹேவ்லாக்கிலேயே தங்கி, தோன்றியபோது கடலில் நீந்தி, 2016-ல் கண்ணை மூடியது. அதற்கு யாரும் நீந்துவோர் கட்டணம் போட்டதாகத் தெரியவில்லை. தங்கள் நிறுவனத்தின் கண்ணில் அது படவில்லை என்பதே அதன் பாக்கியம்.

இரவு ஒன்பதுக்குப் பெட்டிகளைக் கட்டி வாசலில் வைக்கச் சொன்னீர்கள், மறுநாள் முதல் கப்பலுக்காக. கட்டி முடித்தபோது பதினொன்று. அப்போதுகூட ஓய்வு எட்டிப் பார்த்தது. உடனே தங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி: "இன்றைய ரிலாக்ஸ் டே எப்படி? ஐந்து ஸ்டார் கொடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க. அனுப்பாதவங்களுக்கு மட்டும் போன் வரும்." வந்தது.

பில்லோடு தங்கள் லட்சத்தீவுத் திட்டத்தின் நோட்டீஸும் இணைத்திருந்தீர்கள். அதில் ஓய்வு நாள் இரண்டு என்று பெரிய எழுத்தில் பார்த்தேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டார். தாங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்: ஓய்வு நாளே இல்லாத பேக்கேஜ் ஏதாவது இருக்கிறதா? சுற்றிப் பார்க்கும் நாட்களில் பஸ்ஸிலாவது உட்கார வைத்தீர்களாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நபர் 1-இன் மகன்