குடும்பச் சூழ்நிலை காரணமாக

திருச்சி தில்லைநகரில் ஒரு குறுக்குத் தெருவில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். இடப்பக்கம் ஸ்கேன் சென்டர், வலப்பக்கம் மெடிக்கல் ஷாப், எதிரே ஆஸ்பத்திரி, பின்னால் இன்னொரு ஆஸ்பத்திரி. இந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் மேல்தான் விழ வேண்டும். அதற்கும் ஃபீஸ் உண்டு. எனவே என் பிழைப்பில் பாதி நர்ஸுகளை நம்பித்தான் ஓடுகிறது. பயோடேட்டா, நர்சிங் மாணவிகளின் பிராஜெக்ட், எல்லாவற்றுக்கும் மேலாக ராஜினாமாக் கடிதம்.

ராஜினாமாவுக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலே தயாராக இருக்கிறது. பெயரும் தேதியும் மாற்றினால் போதும். காரணத்தைத் தொட வேண்டியதில்லை: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக.' டைப் ஆகிக்கொண்டிருக்கும்போது வாய்வழியாக வரும் காரணம் வேறு. அது பெரும்பாலும் எம்.எஸ். அல்லது எம்.டி. முடித்திருக்கும்.

இப்படி வருபவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அந்த ரகத்தின் முழு உருவமாக ஒரு சிஸ்டர் பதினோரு வருடமாக என் வாடிக்கையாளர். மற்றவர்கள் புது வேலை என்றால் சம்பளம் எவ்வளவு, மாதம் எத்தனை நைட், ஹாஸ்டலில் தண்ணீர் வருமா என்று விசாரிப்பார்கள். இவர் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், எத்தனை மணிக்குப் போவார்?" நல்ல வேலை என்பதற்கு இவர் அகராதியில் ஒரே பொருள், டாக்டரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதுதான்.

எல்லாம் எதிர் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில் ஆரம்பித்தது. அங்கே சர்ஜன் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "அதைக் கொடு" என்பாராம். 'அது' எது என்பதுதான் வேலையே. திங்கட்கிழமை 'அது' என்றால் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். செவ்வாய்க்கிழமை சக்‌ஷன். புதன்கிழமை, தியேட்டருக்கு வெளியே விட்டுவந்த மூக்குக் கண்ணாடி. தப்பான 'அதை'க் கொடுத்தால் 'அது' பறக்கும். "மூணு வருஷம் இருந்தேண்ணே. கடைசில அவர் நினைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிரும். அப்பவும் திட்டுவார், ஏன் முந்திரிக்கொட்டை மாதிரி நீட்டறன்னு."

டாக்டர்களைப் பற்றி சிஸ்டரிடம் ஒரு தரவரிசை இருக்கிறது. கத்துகிற டாக்டர் இவர் கணக்கில் நல்ல டாக்டர். பிரஷர் குக்கர் மாதிரி, விசில் வரப்போவது முன்கூட்டியே தெரியும், வந்தபின் அடுப்பை அணைத்துவிடலாம். ராத்திரி பதினொன்றுக்கு ரவுண்ட்ஸ் வந்து, காலையில் யார் டியூட்டியில் இருந்தார்களோ அவர்களைப் பற்றி இப்போது டியூட்டியில் இருப்பவர்களிடம் விசாரணைக் கமிஷன் நடத்துபவர் நடுத்தரம். ஆகக் கடைசி, சிரிக்கிறவர். குரலை உயர்த்தவே மாட்டார். கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, நோயாளியும் நோயாளியின் மாமியாரும் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகக் கேட்பார்: "சிஸ்டர் எந்த காலேஜ்?" அதற்கப்புறம் அந்த மாமியார் சிஸ்டரை ஊசி போட விடமாட்டார்.

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. காலையில் தியேட்டர், மாலையில் ஓ.பி., நடுவில் வீட்டுக் கடன். எனக்கே பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் கத்தத்தான் தோன்றுகிறது. ஆனால் நான் பிரிண்டரைத்தான் திட்டுகிறேன், பக்கத்தில் ஜெராக்ஸுக்கு நிற்பவரை அல்ல.

ராத்திரி இரண்டு மணி போன் விவகாரம் எல்லா நர்ஸுகளுக்கும் பொது. கூப்பிட்டால், "இதுக்கெல்லாமா எழுப்புவ?" கூப்பிடாவிட்டால் காலையில், "ஏன் எழுப்பலை?" இதற்கு ஓர் ஆராய்ச்சியே இருக்கிறது என்பது ஒரு எம்.எஸ்ஸி. நர்சிங் பிராஜெக்ட்டை டைப் அடித்தபோது எனக்குத் தெரிந்தது. 1967-ல் லெனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை 'டாக்டர்–நர்ஸ் விளையாட்டு' என்று பெயரிட்டே எழுதியிருக்கிறார். விதி எளிமையானது. யோசனை நர்ஸுடையது, ஆனால் அது டாக்டருக்குத் தானாகத் தோன்றியது போல இருக்க வேண்டும். சிஸ்டரிடம் சொன்னபோது, "இதுக்கு அமெரிக்கா போகணுமாக்கும்" என்று அங்கேயே நடித்துக் காட்டினார்.

"சார், பதினஞ்சாம் பெட் அம்மாவுக்கு யூரின் கம்மியாப் போகுது. நேத்து நீங்க லாசிக்ஸ் போடச் சொன்னீங்க, நல்லாப் போச்சு."

"சரி, ஒரு லாசிக்ஸ் போடு. இதையெல்லாம் நான்தான் சொல்லணுமா?"

அதே பிராஜெக்ட்டில் நைட்டிங்கேல் அம்மையாரும் வந்தார். 1854 நவம்பரில், கிரிமியப் போரின்போது, 38 நர்ஸுகளுடன் துருக்கியில் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய் இறங்கினார். டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை. வார்டுக்குள் வேலை கொடுக்கவில்லை. அம்மையாரும் பிடிவாதக்காரர்; டாக்டர்களாகக் கூப்பிடும்வரை யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று தன் ஆட்களைக் கட்டுத் துணி தைக்க உட்கார வைத்துவிட்டார். கொஞ்ச நாளில் காயம்பட்ட சிப்பாய்கள் வந்து குவிந்ததும் டாக்டர்களே கூப்பிட்டார்கள். நர்சிங் சரித்திரத்தின் பெருமைமிக்க கட்டம் இது. சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டார். "38 பேரும் டாக்டரைப் பார்க்காம உக்காந்து துணி தைச்சாங்களா? அந்த மாதிரி வேகன்ஸி இப்ப எங்கண்ணே இருக்கு?"

தேடினார். தியேட்டரிலிருந்து முதலில் போனது டயாலிசிஸ் யூனிட்டுக்கு. நோயாளியை மெஷினில் போட்டால் நாலு மணி நேரம். அதே முகங்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். மகள் கல்யாணம், மாட்டு லோன் எல்லாம் பேசலாம். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எட்டு மாதம் என் கடைப் பக்கமே சிஸ்டர் வரவில்லை. அப்புறம் அங்கே கேமரா வைத்தார்கள். டாக்டர் வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடி போன் போடுவார்: "மூணாம் மெஷின்கிட்ட என்ன சிரிப்பு?" குடும்பச் சூழ்நிலை காரணமாக.

அடுத்தது இன்ஷூரன்ஸ் டெஸ்க். ஃபைலும் கம்ப்யூட்டரும்தானே என்று நினைத்தார். கம்பெனித் தரப்பில் ஒரு டாக்டர், 'நாலு நாள் அட்மிஷன் எதற்கு?' என்று கேள்வி அனுப்புவார். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் இங்குள்ள டாக்டர், "அவன் யாருய்யா என்னைக் கேக்க?" என்று இவரைக் கேட்பார். மத்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை கிடைத்தபோது எனக்கு இனிப்பே வாங்கிக் கொடுத்தார். சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும். அந்த அறைக்கு சிஸ்டர்தான் ராணி. டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கண்ணில் தூசி, விரலில் வெட்டு, திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலி. சொர்க்கம். அந்தச் சொர்க்கத்திலிருந்தும் ஒரு வருடத்தில் கடிதம் அடிக்க வந்துவிட்டார். "இங்கதான் டாக்டரே கிடையாதே சிஸ்டர்?" என்றேன். கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ட்ரிப் போடப் போனாராம். இருட்டிலேயே நரம்பு பிடிக்கிற கை. அன்றைக்கு மூன்று தடவை குத்தியும் நரம்பு சிக்கவில்லையாம். "பாட்டி ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லை." அன்றைக்கு நான் காசு வாங்கவில்லை.

இந்த முறை பச்சமலை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து துணை சுகாதார நிலையங்களில் நர்ஸுகளை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. பி.பி., சர்க்கரை மாத்திரையோடு வீடு வீடாகப் போகலாம், டாக்டர் அடிவாரத்தில். "மலை மேல ஏறி வர மாட்டாங்கல்ல?" என்று உறுதி கேட்டார். ஏற வேண்டாம், இப்போது வீடியோவிலேயே டாக்டர் ஆலோசனை வந்துவிட்டது, போனுக்குள்ளேயே ஏறி வந்துவிடுவார் என்றேன். "மலைல டவர் கிடைக்காதுண்ணே" என்றார் நம்பிக்கையோடு.

அந்த விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எதிர் ஆஸ்பத்திரி வார்டு பாய் ஒரு லெட்டர்ஹெட்டோடு வந்தான். "டாக்டர் எழுதிக் குடுத்தாரு. டைப் அடிச்சு பத்து காப்பி, ஒட்டறதுக்கு." வாங்கிப் பார்த்தேன். மையில் குளித்த எறும்பு வீடு திரும்பிய பாதை போல இருந்தது. பக்கத்து மெடிக்கல் ஷாப் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அமாக்ஸிசிலின், மூணு வேளை" என்றான்.

சிஸ்டர் தன் விண்ணப்பத்தில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"அதைக் கொடுங்க."

கொடுத்தேன். தினத்தந்தி படிப்பது போல் படித்தார். "ஸ்டாஃப் நர்ஸ் தேவை. ஆபரேஷன் தியேட்டர் அனுபவம் மூன்று வருடம். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்."

"கடைசி வரி?"

தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"குறிப்பறிந்து நடப்பவராக இருக்க வேண்டும்."

மெடிக்கல் ஷாப் தம்பி சிரித்தான். சிஸ்டர் சிரிக்கவில்லை. தாளை மடிக்காமல் மேசை மேல் வைத்து, பேனாவால் ஓரிடத்தைத் தட்டினார்.

"சம்பளம் போடலை பாருங்க. தம்பி, போய்க் கேட்டுட்டு வா. அப்படியே, காலைல எத்தனை மணிக்கு வர்றார், எத்தனை மணிக்குப் போறார்னும் கேளு."

நான் பச்சமலையை சேவ் பண்ணாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.